ஐசியு செவிலியருக்கு: அற உளைச்சலைக் கையாளவும் இறுதிக்காலப் பராமரிப்பில் கைதேரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த நோயாளி தேற மாட்டார் என்பது யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் விடிகாலையில் ரத்தம் எடுக்க வேண்டும், இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், சளி கட்டினால் சக்‌ஷன் போட வேண்டும். குழாய் உள்ளே இறங்கும்போது அவர் புருவம் சுருங்குவதையும், கட்டில் கம்பியைத் தேடி விரல்கள் அசைவதையும் பக்கத்திலிருந்து பார்ப்பவர் செவிலியர்தான். டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து பத்து நிமிடம் நிற்பார். வீட்டார் பார்வை நேரத்தில் வந்துபோவார்கள். ஷிப்ட் முழுக்க அந்த உடம்போடு இருப்பது நீங்கள். "இதை எதற்காகச் செய்துகொண்டிருக்கிறேன்?" என்று மனசு கேட்கிறது, கை மட்டும் வேலையைத் தொடர்கிறது. அற உளைச்சல் என்பது இதுதான்.

அமெரிக்கத் தத்துவவாதி ஆண்ட்ரூ ஜேமட்டன் 1984-ல் செவிலியர் பணியின் அறச்சிக்கல்களைப் பற்றி எழுதியபோது இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். சரியானது எதுவென்று செவிலியருக்குத் தெரிகிறது, ஆனால் நிறுவனத்தின் கட்டுகள் அதைச் செய்யவிடுவதில்லை என்பது அவர் சொன்ன சாரம்.

இந்த உளைச்சலில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, கைத்திறனும் பேச்சுத்திறனும் கூடக்கூடக் குறையும். இன்னொன்று ஆள் பற்றாக்குறை, அதிகார அடுக்கு, முடிவெடுக்கத் தயங்கும் மருத்துவக் குழு இவற்றிலிருந்து வருவது. நீங்கள் எவ்வளவு படித்தாலும் அது குறையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல நல்ல செவிலியர்கள் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போகிறார்கள். சில நிர்வாகங்கள் இதற்கு மருந்தாக ஒரு தியான வகுப்பு வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. தியானம் நல்லதுதான். ஆனால் ஒரு செவிலியர் நான்கு வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கிற யூனிட்டில் அது எதையும் மாற்றாது.

படி 1: உள்ளே இருப்பது என்னவென்று பிரித்துப் பாருங்கள்

ஐசியுவில் வருகிற எல்லாக் கனமும் அற உளைச்சல் அல்ல. நாற்பது நாள் பார்த்துக்கொண்ட நோயாளி வலியில்லாமல், பிள்ளைகள் சூழ இறந்துபோனால் அழுகை வரும். அது துக்கம், அங்கே தவறாக எதுவும் நடக்கவில்லை. எந்த நோயாளியைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல், டியூட்டிக்குக் கிளம்பவே கால் வராமல் இருந்தால் அது தொழில் சோர்வு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்து எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் திணறினால் அது தர்மசங்கடம். அற உளைச்சலில் அந்தத் திணறல் இருக்காது. செய்ய வேண்டியது இன்னதென்று மனசு சொல்லிவிட்டது, வழிதான் அடைத்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று நான் செய்த எந்த ஒரு காரியம் எனக்குத் தப்பாகப் பட்டது? ஒரு குறிப்பிட்ட காரியம், ஒரு குறிப்பிட்ட நோயாளி என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் அற உளைச்சல். "எல்லாமே" என்று வந்தால் சோர்வு முற்றியிருக்கிறது. விடுப்பும், தேவைப்பட்டால் மனநல ஆலோசனையும் முதலில் வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நோயாளி இறந்ததும் அல்லது மாற்றப்பட்டதும் உளைச்சல் வடிந்துவிட்டதுபோல் தெரியும். ஆனால் வெள்ளம் வடிந்த தெருவில் வண்டல் தங்குவதுபோல ஒரு மிச்சம் உள்ளே தங்கிவிடும். அடுத்த நோயாளியிடம் அதே நிலை வரும்போது அந்த மிச்சத்தின் மேலேதான் புதியது ஏறுகிறது. எலிசபெத் எப்ஸ்டைன், ஆன் ஹாம்ரிக் இருவரும் 2009-ல் இதை விளக்கி எழுதினார்கள். பதினைந்து வருட அனுபவமுள்ள சிஸ்டர் ஒரு சின்ன விஷயத்துக்கு வெடித்துக் கத்துவதற்கும், புதிதாக வந்தவர் அதே விஷயத்தைச் சாதாரணமாகக் கடந்துபோவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த மிச்சம்தான்.

அளந்து பார்க்க வேண்டுமென்றால் அற உளைச்சல் வெப்பமானி என்று ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் உளைச்சல் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைக் குறித்தால் போதும். 2019-ல் வந்த விரிவான அளவுகோல் ஒன்று 27 சூழல்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு வருத்துகிறது என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 0 முதல் 432 வரை. அந்த வேலையை விட்டுவிட நினைத்ததுண்டா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே இருக்கும். தனி ஆளுக்கு வெப்பமானி போதும். யூனிட் முழுவதற்கும் கணக்கெடுக்க விரிவானது வேண்டும்.

படி 2: காரணத்தின் வேர் யார் கையில் இருக்கிறது?

ஐரோப்பாவின் 9 நாடுகளிலும் இஸ்ரேலிலும் 82 ஐசியுக்களில் எடுத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், கேள்விக்குப் பதில் தந்த செவிலியர், மருத்துவர்களில் 27 சதவீதம் பேர், அன்றைய தினம் தாங்கள் பார்த்த நோயாளிகளில் குறைந்தது ஒருவருக்குத் தரப்படும் சிகிச்சை பொருத்தமற்றது என்று சொன்னார்கள். ஒரே ஒரு நாளின் கணக்கு இது. ஆக, "எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதோ" என்ற எண்ணத்தை முதலில் கைவிடலாம்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, உறுத்துகிற சம்பவத்தை நாலு வரியில் எழுதுங்கள். பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருகிறவை சிலதான்: பிழைக்க வாய்ப்பில்லை என்பதை வீட்டாரிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை, காலையில் ஒரு டாக்டர் ஒன்று சொன்னார், மாலையில் இன்னொருவர் வேறு சொன்னார், மார்ஃபின் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் வலிக்கு மருந்து குறைவாக எழுதப்பட்டிருக்கிறது, நோயாளி தான் விரும்பாததை முன்பே சொல்லியிருக்கிறார், அது இப்போது பொருட்படுத்தப்படவில்லை, ஆள் இல்லாததால் சாகப்போகிறவரின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. இவற்றில் எது உங்கள் கையில், எது குழுவின் கையில், எது நிர்வாகத்தின் கையில் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கம் இதற்கு நான்கு கட்டங்களைச் சொல்கிறது: இது உளைச்சல்தானா என்று கேள், ஆமென்றால் ஒப்புக்கொள், எங்கிருந்து வருகிறது, செயல்படும் தயார்நிலை எவ்வளவு என்று மதிப்பிடு, பிறகு செயல்படு. எல்லோரும் வழுக்கி விழுவது நான்காவதில்தான்.

இங்கே கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம். ஐசியு செவிலியர் பார்ப்பது நோயாளியின் மிக மோசமான வாரத்தை. ஆறு மாதம் கழித்து அவர் தடியூன்றி நடப்பதைப் பார்ப்பவர் மறுவாழ்வுப் பிரிவில் இருக்கிறார். "இவர் தேற மாட்டார்" என்று மனசு முடிவுகட்டும்போது, அது மருத்துவக் கணிப்பா, களைப்பா, போன மாதம் அதே கட்டிலில் இறந்த வேறொருவரின் நினைவா என்று ஒரு தடவை பாருங்கள். தெரியாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். விளக்கம் கிடைத்ததுமே உளைச்சல் பாதியாகக் குறைகிற சந்தர்ப்பங்கள் நிறைய.

படி 3: உடல் வேதனையை அளக்கவும் அடக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்

உங்கள் கையில் இருக்கிற பங்கில் பெரியது இதுதான். "ஒன்றும் செய்ய முடியவில்லை" என்ற உணர்வை இதைவிட வேகமாகக் குறைப்பது வேறெதுவும் கிடையாது.

பேச முடியாத நோயாளிக்கு வலி இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். சிபிஓடி எனப்படும் வலி அளவுகோலில் நான்கு விஷயங்கள் பார்க்கப்படும்: முகபாவம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போவது. குழாய் இல்லாதவரென்றால் கடைசியதற்குப் பதில் முனகல் அல்லது குரல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 8. 3 அல்லது அதற்கு மேல் போனால் வலி இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். சும்மா படுத்திருக்கும்போது ஒரு தடவையும், புரட்டும்போது ஒரு தடவையும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டாக்டரிடம் பேசுவதற்கான ஆதாரம். தசைகளை முடக்கும் மருந்து ஓடிக்கொண்டிருப்பவரிடம் இந்த அளவுகோல் எதையும் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூச்சுத்திணறலுக்குத் தனி அளவுகோல் உண்டு. மார்கரெட் கேம்ப்பெல் என்ற செவிலிய ஆராய்ச்சியாளர் உருவாக்கியது, ஆர்டிஓஎஸ் என்பார்கள். இதயத் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, அமைதியின்மை, கழுத்துத் தசைகள் ஏறி இறங்குவது, மூச்சிழுக்கும்போது வயிறு எதிர்ப்பக்கமாகப் போவது, மூச்சு விடும் முடிவில் உறுமல், மூக்குத் துவாரம் விரிவது, பயந்த பார்வை என்று எட்டு அறிகுறிகள், 0 முதல் 16 வரை மதிப்பெண். 3 வந்தாலே கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு 95 என்று மானிட்டர் காட்டுவதால் நோயாளி சுகமாக மூச்சு விடுகிறார் என்று ஆகிவிடாது. அதேபோல், சாகும் தறுவாயில் அது 70 காட்டினாலும் அவர் சிரமமில்லாமல் இருக்கலாம். மானிட்டரை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

மார்ஃபின் பற்றிய பயத்தை நேராக எதிர்கொள்ளுங்கள். திணறலுக்கும் வலிக்கும் ஏற்றபடி அளவைச் சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுக்கும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து), நோயாளியைக் கொல்லும் ஊசி அல்ல. நோக்கம் வேதனையைத் தணிப்பது. அளவைத் தீர்மானிப்பது அறிகுறி. நரம்பு வழியாகக் கொடுத்த மார்ஃபின் முழு வேகத்தில் வேலை செய்ய ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும், அதே வகையைச் சேர்ந்த ஃபென்டனில் சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். டோஸ் கொடுப்பதற்கு முன் மதிப்பெண், கொடுத்த பின் மதிப்பெண், கொடுத்த காரணம் மூன்றையும் எழுதுங்கள். "ஆர்டிஓஎஸ் 7; கழுத்துத் தசை வேலை செய்கிறது; டோஸ் கொடுத்தபின் 2" என்று இருக்கிற குறிப்பை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், கடைசி ஊசியைப் போட்டது நான்தானே என்று இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சியாக இருக்கும்.

தொண்டையில் சளி களகளவென்று சத்தமிடும்போது நோயாளியைவிட வீட்டார்தான் அதிகம் கலங்குவார்கள். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது முதல் வேலை. கிளைக்கோபைரோலேட் போன்ற மருந்துகள் புதிதாகச் சளி சுரப்பதைக் குறைக்கும், ஏற்கெனவே தேங்கியதை எடுக்காது. அதனால் சத்தம் பெரிதாகும் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சாதீர்கள். நோயாளி அமைதியின்றிப் புரண்டால் தூக்க மருந்தைத் தேடும் முன், சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, கதீட்டர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் வறண்டு உதடு வெடிக்கும். ஈரப் பஞ்சால் துடைத்து உதட்டுக்குக் களிம்பு தடவுவது சின்ன வேலை. வீட்டார் விரும்பினால் அதை அவர்கள் கையில் கொடுங்கள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற மகளுக்கு அப்போது செய்வதற்கு ஒன்று கிடைக்கும்.

நோக்கம் ஆறுதல் மட்டும்தான் என்று குழு முடிவு செய்ததும், ஆர்டர் ஷீட்டை வரி வரியாகப் படியுங்கள். விடிகாலை ரத்தப் பரிசோதனை, ஆறு மணிக்கொரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, தினசரி எக்ஸ்ரே, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை இறுக்கும் பிபி கஃப், கொழுப்புக் குறைப்பு மாத்திரை: முடிவு மாறினாலும் இவை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் காட்டி, "டாக்டர், இது இவருக்கு இனிமேல் வேண்டுமா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் எத்தனை குத்தல் மிச்சமாகிறது என்று எண்ணினால் ஆச்சரியப்படுவீர்கள்.

படி 4: வீட்டாரோடு பேசப் பழகுங்கள்

இரவு மணி ஒன்று. மகள் கட்டிலருகே வந்து, "சிஸ்டர், அப்பா பிழைச்சுடுவாரா?" என்று கேட்கிறார். பெரும்பாலும் நாம் சொல்வது, "டாக்டரைக் கேளுங்கம்மா." விதிப்படி சரிதான்; நோயின் போக்கைப் புதிதாக அறிவிப்பது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருக்கிறது, அதை மூட வேண்டியதில்லை.

"டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார் அம்மா?"

"கிட்னியும் வேலை செய்யலைன்னு சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொல்றாங்க."

"தினமும் ஒவ்வொன்று கேட்டுக் குழம்பிப்போயிருக்கிறீர்கள், இல்லையா?"

இங்கே நிறுத்துங்கள். பேசாமல் இருங்கள். அழட்டும். அழுது முடித்தபின், "எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் பெரிய டாக்டரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்கிறேன், நானும் கூட இருக்கிறேன். அதுவரைக்கும் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள், வீட்டில் எப்படி இருப்பார்?" என்று கேளுங்கள். இதில் எந்த வாக்கியமும் உங்கள் வரம்பை மீறவில்லை, பொய்யான நம்பிக்கையும் தரவில்லை. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பல நேரம் அந்த மனிதரின் விருப்பமே இருக்கும். "யார் கையையும் எதிர்பார்த்து இருக்கப் பிடிக்காது" என்று மகள் சொன்னால், அந்தச் சொற்களை அப்படியே எழுதிவைத்து, ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவரிலும் சொல்லுங்கள்.

குடும்பக் கூட்டத்துக்கு உதவும் ஐந்து அம்சங்கள் உண்டு: அவர்கள் சொன்னதை மதித்துப் பேசுவது, உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது, காது கொடுப்பது, நோயாளியை ஒரு மனிதராகப் புரிந்துகொள்ளக் கேள்வி கேட்பது, கேள்விகள் இருந்தால் கேட்கச் சொல்வது. பிரான்ஸின் 22 ஐசியுக்களில், இறக்கும் நிலையிலிருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. ஒரு தரப்புக்கு இந்த முறைப்படிக் கூட்டமும் துக்கம் பற்றிய சிறு கையேடும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் வழக்கமான முறையில் பேசப்பட்ட குடும்பங்களில் 69 சதவீதம், இவர்களிடம் 45. கூட்டம் 20 நிமிடத்திலிருந்து 30 ஆகத்தான் நீண்டது. ஆனால் வீட்டார் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 ஆனது. கூடுதலாகக் கிடைத்த நேரம் கிட்டத்தட்ட முழுக்க அவர்கள் வாய்க்குத்தான் போயிருக்கிறது.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "சிகிச்சையை நிறுத்துகிறோம்" என்றால் கைவிடுகிறார்கள் என்றுதான் காதில் விழும். "இந்த இயந்திரம் இனி அவருக்கு உதவவில்லை, வலியும் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வதை இன்னும் கவனமாகச் செய்யப் போகிறோம்" என்று சொல்லலாம். "எல்லாத்தையும் செய்ங்க" என்று மகன் கத்தினால் அதை ஒரு மருத்துவக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "எல்லாம் என்றால் உங்கள் மனதில் என்னென்ன இருக்கிறது, ஐயா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அப்பாவை விட்டுவிட்டேன் என்று நாளைக்கு ஊர் சொல்லுமோ என்ற பயம் பல நேரம் உள்ளே இருக்கும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இதயம் நின்றால் மார்பை அழுத்தி இயக்க முயலும் சிபிஆர் பற்றிய வாக்குவாதம் அங்கே உதவாது.

படி 5: மருத்துவக் குழுவிடம் எடுத்துச் சொல்வது

"டாக்டர், பாவமாக இருக்கிறது" என்று சொன்னால் அது காற்றில் போய்விடும். கண்ணால் பார்த்ததையும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்: "மூன்று நாளாக பிபியைத் தாங்கும் நார்அட்ரினலின் மருந்து கூடிக்கொண்டே போகிறது, புரட்டும்போது வலி மதிப்பெண் 5, மகள் நேற்று இரவு அப்பாவின் விருப்பத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த மூன்று நாளில் எதைப் பார்த்தால் தேறுகிறார் என்று எடுத்துக்கொள்வோம், எதைப் பார்த்தால் இல்லையென்று முடிவு செய்வோம்?" இப்படிக் கேட்பது, காலவரையறை வைத்துச் சிகிச்சையைச் சோதித்துப் பார்ப்பது என்ற வழக்கத்துக்கு மருத்துவரை இயல்பாக அழைத்துப்போகும். தேதியும் அளவுகோலும் குறித்துவிட்டால், "இன்னும் கொஞ்ச நாள்" என்று முடிவேயில்லாமல் இழுபடுவது நிற்கும்.

குடும்பக் கூட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் குழு மட்டும் தனியாகக் கூடி ஒரே செய்தியை முடிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்துங்கள். கூட்டத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். வாசலில் நின்றுகொண்டிருக்கும் செவிலியர் அந்தக் கூட்டத்தில் இல்லாததற்குச் சமம்.

காது கொடுக்கவில்லையென்றால் படிப்படியாக மேலே போகலாம்: ஷிப்ட் இன்சார்ஜ், நர்சிங் சூப்பர்வைசர், வலி தணிப்புக் குழு, அறநெறிக் குழு. அறநெறிக் குழுவைச் செவிலியரும் நேரடியாக அழைக்கலாமா என்று உங்கள் மருத்துவமனை விதியைப் படித்துவையுங்கள். பலருக்கு இது தெரியாது. கேஸ் ஷீட்டில் உங்கள் கோபத்தை எழுதாதீர்கள். பார்த்தது, கேட்டது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவ்வளவுதான். ஒரு சிகிச்சையில் பங்கேற்க மனசாட்சி ஒப்பவில்லையென்றால், இன்னொருவரிடம் முறையாக ஒப்படைக்கும்வரை நோயாளியை விட்டு நகரக் கூடாது. ஆட்சேபம் செயலின் மேல் இருக்கட்டும், ஆளின் மேல் வேண்டாம்.

படி 6: வென்டிலேட்டரை எடுக்கும் நாள்

உயிர்காக்கும் சிகிச்சையை ஆரம்பிக்காமல் இருப்பதும், பயன் இல்லையென்று தெரிந்தபின் விலக்குவதும் அறத்தின் பார்வையில் ஒன்றே என்பது தீவிர சிகிச்சை உலகில் பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடு. மனசு அப்படி ஏற்பதில்லை; குழாயை எடுக்கிற கைக்கு அது வேறு மாதிரிதான் இருக்கும். சட்ட நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் இடத்தில் தேவையான கையெழுத்துகளும் பதிவுகளும் முடிந்துவிட்டனவா என்பதை முந்தின நாளே பாருங்கள். சிபிஆர் வேண்டாம் என்ற உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.

முதலில் வீட்டாரிடம் என்ன பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். மூச்சு விட்டு விட்டு வரலாம், தாடை அசையலாம், கைகால் திட்டுத்திட்டாகக் கருக்கும், தொண்டையில் சத்தம் கேட்கலாம். சிலர் சில நிமிடங்களில் இறப்பார்கள், பலர் சில மணி நேரத்தில், ஒரு சிலர் நாட்கணக்கில் இருப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டால், மூன்றாவது மணி நேரத்தில் "ஏன் இன்னும்?" என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். யார் உள்ளே இருக்க விரும்புகிறார்கள், யார் வெளியே, வேண்டுதலோ சடங்கோ உண்டா என்பதையும் கேட்டுவையுங்கள்.

பிறகு கட்டில். தசை முடக்கும் மருந்து நிறுத்தப்பட்டு அதன் வேலை முழுதாக ஓய்ந்திருக்க வேண்டும்; ஓயாவிட்டால் நோயாளி திணறுவதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாய் வழி உணவை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்க உடம்புக்குள் வைத்த ஷாக் கருவி இருந்தால் அதை முடக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சாகும் நேரத்தில் அது அதிர்ச்சி கொடுத்துக்கொண்டிருக்கும். நன்றாக ஓடுகிற ஒரு ஐவி லைன் கட்டாயம் வேண்டும், ஆறுதல் மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். ஓபியாய்டும் பதற்றத்துக்கான மருந்தும் சிரிஞ்சில் எடுக்கப்பட்டு, பெயர் ஒட்டப்பட்டு, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குழாய் நீண்ட நாள் இருந்திருந்தால் தொண்டை வீங்கி மூச்சில் விசில் சத்தம் வரலாம். அதற்கு ஸ்டீராய்டு முன்கூட்டியே வேண்டுமா என்று கேளுங்கள். தலைமாட்டை உயர்த்துங்கள். மார்பில் ஒரு துண்டு.

மானிட்டர் அலாரத்தை அறைக்குள் நிறுத்தி, செவிலியர் மேசையில் மட்டும் தெரியும்படி வையுங்கள். இல்லையென்றால் குடும்பம் முழுவதும் அப்பாவை விட்டுவிட்டுத் திரையில் கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மருந்து முதலில், இயந்திரம் பிறகு. நோயாளி சுகமாக இருக்கிறார் என்று மதிப்பெண்ணால் உறுதி செய்தபின்தான் ஆக்சிஜனைச் சாதாரணக் காற்றின் அளவான 21 சதவீதத்துக்கு இறக்குவது, பிறகு மூச்சுக்கு இயந்திரம் தரும் அழுத்த உதவியைக் குறைப்பது. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் முகத்தைப் பாருங்கள். திணறல் தெரிந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், மருந்து கொடுத்துக் காத்திருங்கள். அவசரம் யாருக்கும் இல்லை. "அடுத்த அட்மிஷன் வருது" என்று யாராவது அவசரப்படுத்தினால், நோயாளி இன்னும் திணறுகிறார் என்று மதிப்பெண்ணோடு சொல்லுங்கள். குழாயை எடுத்ததும் வாயைத் துடைத்து, முகத்திலிருந்த பிளாஸ்திரிப் பிசினை நீக்குங்கள். பல நாளாகக் குழாய் மறைத்திருந்த முகத்தை வீட்டார் அப்போதுதான் முழுதாகப் பார்ப்பார்கள். கட்டில் கம்பியை இறக்கிவிட்டு நாற்காலியைக் கிட்டே போட்டுக் கொடுங்கள். தொடலாமா என்று அவர்களுக்குத் தெரியாது. "கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேசுங்கள்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 7: இறந்த பிறகு

வர்ஜீனியாவில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியராக இருந்த ஜொனாதன் பார்ட்டெல்ஸ், மரணம் நடந்ததும் குழுவினர் எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். யாரோ ஒருவர், "இவர் யாருக்கோ அப்பா, யாருக்கோ அண்ணன், அவருக்கும், அவரைப் பார்த்துக்கொண்ட நமக்கும் ஒரு நிமிடம்" என்று சொன்னால் போதும். எந்த மதத்தையும் சேராத அமைதி, யார் வேண்டுமானாலும் செய்யலாம். முதல் தடவை சங்கடமாக இருக்கும்.

கனடாவின் ஹாமில்டன் நகரில் டாக்டர் டெபோரா குக்கின் குழு, இறக்கும் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ மூன்று விருப்பங்களைக் கேட்டு நிறைவேற்றும் திட்டத்தை 2013-ல் ஆரம்பித்தது. கேட்கப்பட்டவை பெரிய விஷயங்கள் அல்ல: பிடித்த இசை, வீட்டுப் போர்வை, கைரேகைப் பதிவு, வளர்ப்பு நாய் வந்து பார்ப்பது. திட்டமெல்லாம் இல்லாமலேயே இதில் ஒன்றை நீங்கள் நாளைக்கே செய்யலாம்.

ஷிப்ட் முடியும் முன் பத்து நிமிடம் கூடிப் பேசுங்கள். எது நன்றாக நடந்தது, எது உறுத்துகிறது, அடுத்த தடவை எதை மாற்றலாம். குற்றம் கண்டுபிடிக்கும் கூட்டமாக மாறினால் இரண்டாவது தடவை யாரும் வர மாட்டார்கள். சம்பவம் தூக்கத்தைக் கெடுத்தாலோ, அந்தக் கட்டில் பக்கம் போகவே முடியாமல் ஆனாலோ தோழிகளிடம் புலம்புவதோடு நிறுத்தாமல் மனநல நிபுணரைப் பாருங்கள்.

படி 8: யூனிட்டுக்குள் இதை நிலைநிறுத்துவது

இன்சார்ஜ் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. அமெரிக்காவில் 2000-ல் ஆரம்பித்த எல்னெக் என்ற இறுதிக்காலப் பராமரிப்புப் பயிற்சி, ஏற்கெனவே பயிற்சி பெற்றவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறையில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. தீவிர சிகிச்சைக்கென்று தனிப் பாடத்திட்டமும் அதில் இருக்கிறது. உங்கள் யூனிட்டிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் இரண்டு பேர் வீட்டாராகவும் செவிலியராகவும் நடித்து, "எல்லாத்தையும் செய்ங்க" உரையாடலைப் பழகலாம். சிரிப்பாக இருக்கும், ஆனாலும் வாய் பழகும். புத்தகத்தில் படித்த வாக்கியம் நெருக்கடியில் நாக்கில் வராது.

டியூட்டி பட்டியலில் கவனம் வையுங்கள். ஒரே செவிலியருக்குத் தொடர்ந்து இறக்கும் நோயாளிகளையே கொடுக்காதீர்கள். "அவங்க நல்லா பார்த்துப்பாங்க" என்ற பாராட்டே அவருக்குத் தண்டனையாகிவிடும். வென்டிலேட்டர் விலக்கும் நேரத்தில் அந்தச் செவிலியருக்கு அந்த ஒரு நோயாளி மட்டும் இருக்கட்டும். நீண்ட நாள் கிடப்பார்கள் என்று தெரிகிற நோயாளிகளுக்குக் குடும்பக் கூட்டம் மூன்றாவது நாளுக்குள் தானாக நடக்கும்படி விதி வையுங்கள், யாராவது கேட்டால்தான் நடக்கும் என்ற நிலை வேண்டாம். ஆறுதல் சிகிச்சைக்கு மருந்து, அளவு, மதிப்பெண் எல்லாம் அடங்கிய ஒரு ஆர்டர் தாளை மருத்துவர்களோடு உட்கார்ந்து தயாரித்துவிட்டால், நடு ராத்திரியில் புது டூட்டி டாக்டரிடம் மார்ஃபினுக்காக மன்றாட வேண்டியிருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யூனிட் முழுவதற்கும் விரிவான அளவுகோலின் மதிப்பெண்ணைப் பெயர் இல்லாமல் எடுங்கள். கூடவே உறுத்தும் சம்பவங்களின் காரணங்களையும் எண்ணுங்கள். "எங்கள் செவிலியர்கள் மன உளைச்சலில் இருக்கிறார்கள்" என்ற கடிதத்தை நிர்வாகம் அனுதாபத்தோடு படித்து ஓரமாக வைத்துவிடும். இந்தக் காலாண்டில் எத்தனை சம்பவங்கள் ஆள் பற்றாக்குறையால், எத்தனை தள்ளிப்போன குடும்பக் கூட்டங்களால், எத்தனை பேர் வேலையை விட நினைக்கிறார்கள் என்று எண்ணோடு ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். அதன் பிரதியை மருத்துவத் தலைவருக்கும் அனுப்பி, பதில் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் கீழே எழுதுங்கள்.